களிமண் தோப்பில் ஓர் ஆங்கிலப் பூங்கா: டெல்டாவில் மூன்று ஹோல் கோல்ஃப் திடல் அமைக்கும் முறை

கோல்ஃப் பிறந்தது ஸ்காட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில். மழை விழுந்த இடத்திலேயே உள்ளே இறங்கிவிடும், ஆடு மேய்ந்த புல் குட்டையாகவே கிடக்கும். அந்த ஆட்டம் இங்கிலாந்தின் உள்நாட்டுக்கு வந்தபோது காலடியில் களிமண். குளிர்காலம் முழுக்கச் சேறு, கோடையில் முழங்கால் உயரப் புல். எட்வின் பட்டிங் 1830-இல் காப்புரிமை பெற்ற புல்வெட்டும் இயந்திரம் புல்லுக்கு வழி சொன்னது. சேற்றுக்கு வழி சொன்னது வடிகால். இந்த இரண்டும் கைகூடிய பிறகுதான் பழைய எஸ்டேட் பூங்காக்களுக்குள் கோல்ஃப் நுழைந்தது. பெரிய மரங்கள், நடுவே விரிந்த புல்வெளி, தாழ்ந்த இடத்தில் குளம் என்று இருக்கும் அந்த வகைத் திடலைத்தான் பார்க்லாண்ட் என்கிறார்கள். திடல் வடிவமைப்பாளர் ஹாரி கோல்ட் 1908-இல் பக்கிங்காம்ஷரின் ஸ்டோக் பார்க்கில் அமைத்தது நல்ல உதாரணம். அந்தப் பூங்காவின் மரக்கூட்டங்களும் நீர்நிலையும் 18-ஆம் நூற்றாண்டில் லான்ஸ்லாட் பிரவுன் போன்ற பூங்கா வடிவமைப்பாளர்கள் கைவைத்தவை. கோல்ட் அவற்றின் நடுவே ஆட்டப் பாதையை வகுத்தார்.

மன்னார்குடிக் களிக்கும் மத்திய இங்கிலாந்தின் களிக்கும் ஈரத்தில் ஒரே குணம்தான்: மிதித்தால் இறுகும், இறுகினால் நீரை விடாது. வேறுபாடு மழையில் இருக்கிறது. லண்டனில் ஆண்டு முழுக்கத் தூறித் தூறிச் சுமார் 600 மி.மீ. பெய்கிறது. நாகப்பட்டினத்தில் 1,300 மி.மீ.க்கு மேல், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே டெல்டாவில் இத்திடலைப் போட நினைப்பவர் முதலில் வரைய வேண்டியது வடிகால் படம். பந்து விழும் ஓட்டை உள்ள புல்மேடையான கிரீன் எங்கே, முதல் அடி அடிக்கும் இடமான டீ எங்கே, எந்த மரம் நிற்கும் என்பதெல்லாம் அந்தப் படத்தின் மேல் பிறகு வந்து உட்கார வேண்டியவை. வரிசையை மாற்றிச் செய்த திடல் முதல் கார்த்திகையிலேயே குளமாகும்.

ஒரு சொல்லை முன்பே பிரித்துக்கொள்வோம். டெல்டாவில் குழி என்றால் நில அளவு, நூறு குழி ஒரு மா. குழப்பம் வராமலிருக்க, டீயிலிருந்து கிரீன் வரையுள்ள ஆட்டப் பகுதியை இங்கே ஹோல் என்றும், பந்து விழும் ஓட்டையைக் கப் என்றும் சொல்கிறோம்.

நிலம்

18 ஹோல் கொண்ட முழு பார்க்லாண்ட் திடலுக்கு 120 முதல் 160 ஏக்கர் வரை வேண்டும். டெல்டாவில் அதற்கு நஞ்சையைத்தான் அழிக்க வேண்டியிருக்கும். அது கூடாது. நெல் விளையும் வயலை மூடித் திடல் போடுவதை நாங்கள் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டோம். நஞ்சையை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற அரசின் அனுமதி தேவை என்பது சட்டம்; அனுமதி கிடைத்தாலும் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இங்கே பொருந்துவது சிறிய திடல். காய்ப்பு ஓய்ந்த தென்னந்தோப்பு, பழைய மாந்தோப்பு, கல்லூரி வளாகத்தில் சும்மா கிடக்கும் மேட்டுத்திடல் போன்ற இடத்தில் மூன்று ஹோல், மூன்றும் பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியவை. இதற்கு 8 ஏக்கர், அதாவது ஒரு வேலிக்குச் சற்றுக் கூடுதலாக, இருந்தால் போதும். வடக்கு தெற்காக 215 மீட்டர், கிழக்கு மேற்காக 150 மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்வோம்.

வல்லம், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் கிடைக்கும், வேலை பாதி குறையும். கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்துக் கனத்த களியில் கீழே சொல்லும் எதையும் விட முடியாது. வேதாரண்யம் போலக் கடலோரமானால் மண்ணையும் கிணற்று நீரையும் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பு பார்த்த பிறகுதான் மற்றது.

தண்ணீர் எங்கே போகும்?

நிலத்தை வெயில் நாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்து மோட்டார் கொட்டகைச் சுவரில் கார்த்திகை வெள்ளம் விட்டுப்போன கறை இருக்கும். அண்டை நிலத்துக்காரரிடம் கேட்டால் எந்த வரப்பு வரை ஏறியது என்று கையை நீட்டிக் காட்டுவார். அந்த மட்டத்தை ஒரு தென்னை மரத்தில் ஆணியடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லா உயரமும் அந்த ஆணியிலிருந்துதான்.

கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 10 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, ஆணி மட்டத்திலிருந்து ஒவ்வொரு முளையும் எத்தனை சென்டிமீட்டர் மேலே, கீழே என்று எழுதுங்கள். டெல்டாவில் கண்ணுக்கு எல்லாம் சமதளமாகத் தெரியும். எழுதிப் பார்த்தால்தான் எந்த மூலை தாழ்வு என்று புலப்படும். பெரும்பாலும் கிழக்கோ தென்கிழக்கோ இறங்கும். அந்த மூலையில்தான் குளம் வரும், அங்கிருந்துதான் வெளியேற்றம்.

வெளியேற்றம் எந்த வடிகால் வாய்க்காலில் சேர்கிறது, அது யாருக்குச் சொந்தம், மழைக்காலத்தில் அதன் நீர்மட்டம் எவ்வளவு என்பவற்றை அறியாமல் ஒரு கூடை மண்கூட எடுக்க வேண்டாம். ஒரே நாளில் 100 மி.மீ. மழை பெய்தால் 8 ஏக்கரில் விழும் நீர் சுமார் 3,200 கன மீட்டர். ஊறிப்போன களியில் அதில் பெரும்பகுதி அப்படியே ஓடிவரும். அதை அண்டை வயலின் சம்பாப் பயிரில் தள்ளிவிடுவது பெரும் தவறு. வாய்க்கால் நிறைந்து ஓடும் நாளில் நீர் எதிர்த்து உள்ளே வரும் என்பதால் வெளியேற்றக் குழாயின் வாயில் வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் மூடி ஒன்றும், பக்கத்தில் நீர் சேரும் தொட்டியான ஒரு சம்ப்பும், இறைக்க ஒரு மோட்டாரும் தேவை.

திடலுக்குள் நீரை நகர்த்துவது சரிவு. ஃபேர்வே என்ற நடுப் புல்வெளியை 20 மீட்டர் அகலத்தில் எடுத்து, நடுவை ஓரத்தைவிட 20 செ.மீ. உயர்த்தினால் இருபுறமும் 2 சதவீதச் சரிவு வந்துவிடும். கண்ணுக்கு மேடாகவே தெரியாது, ஆனால் நீர் நிற்காது. இரு ஓரங்களிலும் 30 செ.மீ. ஆழத்தில் புல் முளைத்த ஆழமற்ற ஓடைகள். இவற்றின் கரை 1-க்கு 4 என்ற அளவுக்குச் சாய்வாக இருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டினால் புல்வெட்டி இறங்காது, கரையும் முதல் மழையில் சரியும். ஓடையின் நீளவாட்டுச் சரிவு 100 மீட்டருக்கு 50 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

மேட்டுக்கு வேண்டிய மண்ணைக் குளம் தரும். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 900 கன மீட்டர் மண். மூன்று கிரீன்களின் மேடைக்கு அது ஏறக்குறையச் சரியாகப் போகும். ஃபேர்வே நடுவை உயர்த்த ஓடை வெட்டிய மண் பாதிக்குத்தான் வரும், மீதிக்குக் குளத்தை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்ளலாம். மேல் 15 செ.மீ. வளமான மண்ணைத் தனியாகச் சுரண்டி ஒதுக்கி வைத்துக் கடைசியில் மேலே பரப்ப மறக்க வேண்டாம். அடிக்களி மேலே வந்துவிட்டால் புல் வருடக்கணக்கில் திணறும்.

ஆட்டப் பாதை

கோயிலை வலம் வருவதுபோல் திடலைச் சுற்றி வர வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் வலக்கைக்காரர்கள். அடி பிசகினால் பந்து வலப்புறமே வளையும். வலம் வரும்போது வலப்பக்கம் இருப்பது திடலின் உட்புறம், பிசகிய பந்து உள்ளேயே விழும். இடம் வருவதாக அமைத்தால் அதே பந்து சாலையில் போகிறவர் மேல் பாயும்.

எங்கள் அளவுள்ள நிலத்தில் முதல் ஹோல் மேற்கு ஓரமாக வடக்கு நோக்கி 120 மீட்டர், இரண்டாவது வடக்கு ஓரமாகக் கிழக்கு நோக்கி 65 மீட்டர், மூன்றாவது கிழக்கு ஓரமாகத் தெற்கு நோக்கி 95 மீட்டர். நடுக்கோடு எல்லையிலிருந்து 45 மீட்டர் உள்ளே இருக்கட்டும். முதலுக்கும் மூன்றாவதுக்கும் இடையே 60 மீட்டர் வரும், அங்கே மரக்கூட்டம். வீடோ பள்ளியோ எல்லையை ஒட்டி இருந்தால் அந்தப் பக்கத்து ஹோலைச் சுருக்குங்கள். வலை கட்டிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

வெயில் தாழ்ந்த காலை, மாலை நேரத்தில்தான் இங்கே ஆட முடியும். அதனால் நீண்ட இரண்டையும் வடக்கு தெற்காகவே வைக்கிறோம். கிழக்கு பார்த்த ஒன்று மிகக் குட்டையாக இருப்பதால் கண் கூசினாலும் பந்து தொலையாது. காற்றும் இதற்கு ஒத்துவரும். ஆடிக்காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும், மார்கழி வாடை வடகிழக்கிலிருந்து. ஒரே ஹோல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேறொரு ஹோலாகிவிடும்.

டீ ஒவ்வொன்றும் 80 சதுர மீட்டர். பார் 3-இல் எல்லோரும் இரும்பு மட்டையால் புல்லைப் பெயர்த்தெடுப்பார்கள் என்பதால் சிறிய டீ ஒரே மாதத்தில் மண்ணாகும். 40 செ.மீ. உயர்த்தி, ஒரே பக்கமாக 1 சதவீதச் சரிவு கொடுத்தால் போதும்.

மரங்கள்

தோப்பைப் பூங்காவாக்குவது பெரும்பாலும் கழிக்கும் வேலை. தென்னை 25 அடிக்கு 25 அடி என்று கோடு பிடித்தாற்போல் நிற்கும். ஆங்கிலப் பூங்காவில் மரம் கூட்டமாகவோ தனியாகவோ நிற்குமே தவிர வரிசையாக நிற்காது. ஆட்டப் பாதையில் வரும் மரங்களை எடுத்த பிறகு மிஞ்சுவதில் மூன்று, ஐந்து, ஏழு என்று சமமில்லாத இடைவெளியில் கூட்டம் கூட்டமாக விட்டு, நடுவில் புல்லுக்கு வெளிச்சம் விடுங்கள். வெட்டும் முன் ஒவ்வொரு மரத்திலும் வண்ணத்துணி கட்டி, டீ வரும் இடத்தில் நின்று பார்த்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்து முடிவு செய்வது நல்லது. மரத்தை வெட்ட ஒரு நாள், வளர்க்க முப்பது வருடம்.

கிரீனுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் நிற்கும் மரங்கள்தான் கேடு செய்யும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். 15 மீட்டர் உயர மரத்தின் நண்பகல் நிழல் அப்போது வடக்கே சுமார் 10 மீட்டர் விழும். ஆனியில் அதே மரத்தின் நிழல் தெற்கே 3 மீட்டர்தான். ஆனியில் பார்த்து இடம் குறித்தவர் மார்கழியில் ஏமாறுவார். புல் மிகவும் தளர்ந்திருக்கும் ஈர மாதமும் அதுவே. கிரீனுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் வெயில் வேண்டும்; தெற்கே 15 மீட்டராவது தள்ளித்தான் பெரிய மரம்.

புதிதாக நடுவதானால் குளக்கரைக்கு மருதம், மற்ற இடத்துக்கு வேம்பு, புங்கம், இலுப்பை, நாவல். தூங்குமூஞ்சி வேகமாக வளர்ந்து அழகாகக் குடை விரிக்கும், ஆனால் புயலில் கிளை முறியும். புளியின் அடர்ந்த நிழலில் புல் நிற்காது. ஆலும் அரசும் எல்லையோரத்தில் மட்டும். தென்னைக்குக் கீழே டீ, கிரீன், நடைபாதை எதுவும் வரக் கூடாது. விழும் தேங்காய் ஆளைக் கொல்லும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தோப்புகளைப் பார்த்த ஊர் இது. சாய்ந்தால் கிரீன்மேல் விழும் தூரத்தில் எந்தத் தென்னையையும் விட்டுவைக்காதீர்கள்.

கிரீன்

பணத்திலும் உழைப்பிலும் பாதி இங்கேதான் போகும். பழைய ஆங்கிலத் திடல்களில் அந்த இடத்து மண்ணையே குவித்து மேடாக்கிக் கிரீன் போட்டார்கள். தூறல் மழைக்கு அது தாங்கியது. நம் அடைமழைக்குத் தாங்காது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட அடுக்கு முறைதான் இங்கே வழி. கீழே வடிகுழாய், அதன்மேல் 10 செ.மீ. ஜல்லி, அதன்மேல் 30 செ.மீ. மணற்கலவை.

250 சதுர மீட்டர் கிரீன், ஏறக்குறைய 20-க்கு 16 மீட்டர் நீள்வட்டம் என்று கொள்வோம். குளத்து மண்ணால் மேடையை அடுக்கடுக்காகப் போட்டு உருளையால் இறுக்கி, வெள்ள ஆணிக்கு 30 செ.மீ. மேலே அடித்தளம் வரும்படி நிறுத்துங்கள். அடித்தளம் சட்டிபோல் இருக்கக் கூடாது. மேலே கிரீன் எப்படிச் சரிய வேண்டுமோ அதே வடிவத்தில் 40 செ.மீ. கீழே அது இருக்க வேண்டும். கப் வைக்கும் இடங்களில் 1 முதல் 3 சதவீதச் சரிவு. 4-ஐத் தாண்டினால் பந்து நிற்காது. நீர் இரண்டு மூன்று திசையில் பிரிந்து இறங்கட்டும். எல்லாம் முன்பக்கமே இறங்கினால் ஆட்டக்காரர் நடந்து ஏறும் இடம் எப்போதும் சகதி.

மீன்முள் வடிவில் 20 செ.மீ. ஆழக் கால்வாய் வெட்டி 4 அங்குலத் துளைக்குழாய் போட வேண்டும். நடுக்குழாய் நீளவாட்டில், கிளைகள் 5 மீட்டருக்கு ஒன்று. மொத்தம் சுமார் 70 மீட்டர் குழாய். சரிவு குறைந்தது மீட்டருக்கு 5 மி.மீ., முடிந்தால் 10. குழாயைத் துணியால் சுற்றச் சொல்லுவார்கள், சுற்றாதீர்கள். நுண்மண் படிந்து துணிதான் முதலில் அடைபடும். நடுக்குழாயின் மேல்முனையை ஒரு மூடியுடன் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டால் பிற்பாடு தண்ணீர் பாய்ச்சிக் கழுவலாம்.

ஜல்லி கால் அங்குலம், கழுவியது, கால்வாயையும் சேர்த்துச் சுமார் 10 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). முக்கால் ஜல்லி மலிவு என்று போட்டால் மேல்மணல் அதன் இடைவெளியில் ஊர்ந்து இறங்கி இரண்டும் கெடும். கலவை, இறுகும் அளவையும் சேர்த்து, 32 யூனிட். அதில் 27 மணல், 5 மட்கு.

ஆற்று மணலைத் தேட வேண்டாம். காவிரியும் கொள்ளிடமும் இழந்த மணல் போதும். எம்-சாண்டை வாங்கி, கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட துகள் அதிகம் இருக்கும்படி சலித்து, தூள் போகக் கழுவ வேண்டும். கழுவாத எம்-சாண்டின் கல்தூள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். கடல் மணலில் உப்பு, சவுடு மண்ணில் களி, இரண்டும் கூடாது. மட்குக்குத் தென்னைநார்க் கழிவு நன்றாக இருக்கும், நன்கு மட்கி, இரண்டு மூன்று தடவை நல்ல நீரில் ஊறவைத்து வடித்தால். பச்சையாகப் போட்டால் உப்பும் சேரும், புல்லுக்குப் போக வேண்டிய தழைச்சத்தையும் அதுவே தின்றுவிடும்.

லோடு இறக்கும் முன் ஒரு சோதனை. இரண்டடி நீள 4 அங்குல பி.வி.சி. குழாயின் அடியில் துணி கட்டி, ஓரடி உயரம் கலவையைத் தட்டித் தட்டி நிரப்புங்கள். ஒரு தரம் முழுக்க நனைத்து வடிய விட்டு, பிறகு மேலே 6 அங்குலம் தண்ணீர் ஊற்றிக் கடிகாரம் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அவ்வளவும் உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் அந்தக் கலவை கிரீனுக்கு ஆகாது, எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும்.

கலப்பதை நெல் அடிக்கும் களம் போன்ற சிமெண்ட் தரையில் செய்யுங்கள். மண்தரையில் கலந்தால் மண்வெட்டி ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் களியை அள்ளி வரும். டிராக்டரைக் கிரீனுக்குள் ஓட்டக் கூடாது. ஓரத்தில் கொட்டி, பலகை மேல் நின்று உள்ளே தள்ள வேண்டும். மேடைக் களியும் மணலும் சந்திக்கும் சுற்றுவட்டத்தில் கெட்டி பாலிதீனைச் செங்குத்தாக நிறுத்தினால் ஓரம் காய்ந்து சுருங்காது. பரப்பி முடித்ததும் நன்றாக நனைத்து, நாலைந்து பேர் குதிகாலால் அழுத்தி அழுத்தி அங்குலம் விடாமல் நடந்து இறுக்க வேண்டும். காலடி பதியாத அளவு வந்த பிறகே புல்.

கப்பின் விட்டம் 108 மி.மீ., ஆழம் குறைந்தது 4 அங்குலம். கடையில் கிடைக்கும் 110 மி.மீ. குழாயை அறுத்துச் செருகினால் வெளிவிட்டமே விதியைவிட 2 மி.மீ. கூடிவிடும். அதற்கென்றே விற்கும் கப்பை வாங்கி, மேல்விளிம்பு தரைக்கு ஓரங்குலம் கீழே இருக்கும்படி வையுங்கள்.

அருகம்புல்

இங்கிலாந்துக் கிரீனில் வளரும் பெண்ட், ஃபெஸ்க்யூ வகைகளுக்கு நம் சித்திரை வெயில் ஆகாது. வேண்டவும் வேண்டாம். உலகம் முழுக்க வெப்ப நாட்டுத் திடல்களில் பெர்முடா என்று போடுவது நம் அருகைத்தான். ‘அருகுபோல் வேரூன்றி’ என்று வாழ்த்துகிறோமே, அந்த வேர்தான் மட்டையடியில் பெயர்ந்த இடத்தைத் தானே மூடிக்கொள்ளும் குணத்தைத் தருகிறது. ஃபேர்வேக்கும், அதன் ஓரத்து உயரப் புல்லான ரஃபுக்கும் ஊர் அருகே போதும். கிரீனுக்கு டிஃப்டுவார்ஃப் போன்ற குட்டை ஒட்டுரகம். அது விதை பிடிக்காது. கொடியை நறுக்கித்தான் நட வேண்டும். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகள், 10 செ.மீ.க்கு ஒன்று, ஒரு கிரீனுக்கு 25,000 துண்டு. உப்பு நீர் உள்ள கடலோரத்தில் கடற்கரை பாஸ்பேலம் வைத்தால் நிலைக்கும்.

நடுவதற்கு முன் கோரையை ஒழிக்க வேண்டும். அருகுக்குள் கோரை நுழைந்த பிறகு பிடுங்கினால் மேலே தண்டு வரும், கீழே கிழங்குச் சங்கிலி அப்படியே இருக்கும். ஒன்று போய் நாலாய் முளைக்கும். மாசியிலிருந்து மூன்று தடவை கோடை உழவு போட்டுக் கிழங்கை வெயிலில் காயவிடுவதே நம்பகமான வழி. இரண்டு உழவுக்கு நடுவே ஒரு நனைப்பு கொடுத்து மிச்சத்தை முளைக்கவிட்டு மறுபடி உழ வேண்டும். மீறி வந்தால் ஹாலோசல்ஃபியூரான் மீதைல் மருந்தை லேபிளில் உள்ள அளவுக்கு மிகாமல் அடிக்கலாம்.

காலக் கணக்கு எளிது. மேட்டூர் வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடியதும் மண்வேலை தொடங்கி, சித்திரைக்குள் கிரீன் அடுக்குகளை முடித்து, வைகாசி, ஆனியில் நட்டால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தரை மூடும். புரட்டாசிக்குள் மூடாத கிரீன் ஐப்பசியில் மணலோடு ஓடிவிடும். அப்படி நேரம் தப்பிவிட்டால் அந்த வருடம் நடாமல் தை வரை பொறுப்பதே சரி.

முதல் வெட்டு 10 மி.மீ. உயரத்தில், வாரம் ஒரு மில்லிமீட்டர் குறைத்து 5-க்குக் கொண்டு வாருங்கள். கிரீனுக்கு உருளைக் கத்தி உள்ள ரீல் மோவர்தான். சுழல் கத்தி புல்லைக் கிழிக்கும். டீ 10 முதல் 12 மி.மீ., ஃபேர்வே 15, ரஃப் 40 முதல் 50. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் தரை வெளுத்துவிடும். வளரும் மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் 250 சதுர மீட்டருக்கு 3 கிலோ அம்மோனியம் சல்பேட், போட்டவுடன் தண்ணீர். மணல் தூவுவது ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர், சுமார் 13 கன அடி, கிரீன் கட்டிய அதே மணல். வேறு மணலைத் தூவினால் இடையில் ஒரு தகடு உருவாகி நீர் அங்கேயே நிற்கும்.

பங்கர், பாசனம்

பந்தைச் சிக்கவைக்கும் மணல் திட்டுதான் பங்கர். மூன்று போதும். கடலோர மணல்மேட்டின் நினைவாக உள்நாட்டுத் திடலில் வைப்பது அது. டெல்டாவில் பள்ளம் தோண்டி மணல் போட்டால் மழைக்காலத்தில் தவளைக் கிணறுதான். தரையைத் தோண்டாமல், சுற்றிலும் 60 செ.மீ. மண் குவித்து நடுவில் மணலிடுங்கள். அடியில் ஒரு துளைக்குழாய். மணல் தரையில் 10 செ.மீ., முகப்பில் 5. மேட்டு நீர் உள்ளே வராதபடி மேல்விளிம்பில் சிறு வரப்பு. கூர்முனை உள்ள எம்-சாண்ட் இங்கே நன்றாக நிற்கும், உருண்டை மணல் சரியும், பந்தும் புதையும்.

கிரீனும் டீயும் சேர்ந்து 1,000 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு 5 மி.மீ. கொடுத்தால் 5,000 லிட்டர். குளத்திலிருந்து வெயில் குடிப்பது இன்னொரு 3,000 லிட்டர். 900 கன மீட்டர் குளம் மூன்று மாதம் தாங்கும். வைகாசிக்கு ஆழ்குழாய் துணை வேண்டும். ஃபேர்வேயைக் கோடையில் பழுக்க விடுங்கள். அருகு சாகாது, முதல் மழைக்குத் தளிர்க்கும். வாய்க்கால் நீர் வயலுக்கு வருவது, திடலுக்கு அதில் பங்கு கிடையாது.

கெடுவது எங்கே, ஏன்

கிரீன் மஞ்சளித்து மெத்தென்று இருந்தால் ஓரங்குலக் குழாயை 20 செ.மீ. இறக்கி உருவிப் பாருங்கள். மணல் நெடுக ஒரே நிறமாக இருந்தால் நல்லது. நடுவில் விரல் தடிமனில் கருப்புப் பட்டை தெரிந்து, முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை வந்தால் அங்கே காற்றில்லை, நீர் தேங்கி வேர் அழுகுகிறது. வடிகுழாய் வாயைத் திறந்து கழுவி, உள்ளீடற்ற முள்ளால் 5 செ.மீ. இடைவெளியில் 8 செ.மீ. ஆழத் துளையிட்டு அதே மணலை நிரப்ப வேண்டும். கெடாத கிரீனுக்கும் இந்தத் துளையிடலைத் தையிலும் ஆடியிலும் செய்வது நல்லது.

மண் பொருமி விரல் பருமனில் சுரங்கம் ஓடினால் பிள்ளைப்பூச்சி. 4 லிட்டர் நீரில் 30 மி.லி. பாத்திரம் கழுவும் சோப்புநீர் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றினால் சில நிமிடத்தில் மேலே வந்துவிடும். எத்தனை வருகிறது என்று பார்த்து மருந்தை முடிவு செய்யலாம். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி மேட்டுக்கு ஏறும், பங்கர் கரையில்தான் முதலில் வளை. வடிகுழாய் வாயில் கம்பி வலை போட்டால் எலியும் நண்டும் உள்ளே போகாது. மாடு ஒரு முறை ஈரக் கிரீனில் நடந்தால் குளம்புத் தடம் ஆறு மாதம் நிற்கும், ஆகவே வேலி முதல் நாளே.

மழைக்கு முன், புரட்டாசியில் கடைசித் தழைச்சத்தோடு பொட்டாஷ் கொடுத்து நிறுத்திவிட்டுக் கிரீன் வெட்டு உயரத்தை 2 மி.மீ. ஏற்றுங்கள். தீபாவளிக்குள் எல்லா ஓடையும் குழாய் வாயும் சுத்தமாகட்டும். அடைமழை நாளில் திடலை மூடிவிட வேண்டும். ஊறிய களியில் பத்துப் பேர் நடந்தால் வருடம் முழுக்க இறுக்கம். வெள்ளம் கிரீனில் ஏறி வடிந்தால் படிந்த வண்டல் காயும் முன்பே ரப்பர் கட்டையால் தள்ளிக் குழாய் நீரால் கழுவிவிடுங்கள். காய்ந்தால் ஓடு கட்டும்.

முதல் மழைக்காலத்தில் இன்னொரு வேலை இருக்கிறது. மழை ஓய்ந்து 24 மணி நேரம் கழித்துத் திடலைச் சுற்றி வந்து, இன்னும் தண்ணீர் மினுங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு மூங்கில் குச்சி நட்டுவிடுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு மறுபடியும். இரண்டு தடவையும் குச்சி நட்ட இடங்களில் மட்டும் தை பிறந்ததும் 5 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழத்தில் கீறல் வெட்டி, கால் ஜல்லியும் மேலே மணலும் நிரப்பிப் பக்கத்து ஓடையில் சேர்த்துவிட்டால் போதும்.